கற்பித்தலுக்கு வேலியிடும் சொற்கள்: அமெரிக்க மாநிலச் சட்டங்கள் சிலவற்றை முன்வைத்து

1830ஆம் ஆண்டின் இறுதியில் கூடிய வட கரோலினா மாநிலச் சட்டமன்றம், அடிமைகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. கற்பிப்பவர் வெள்ளையராயின் 100 முதல் 200 டாலர் வரை அபராதம், அல்லது சிறை. விடுதலை பெற்ற கறுப்பராயின் அபராதம், அல்லது சிறை, அல்லது 20 முதல் 39 வரை கசையடி. கற்பித்தவர் தாமே அடிமையாயின் 39 கசையடி. எண்களைக் கையாளக் கற்பிப்பதற்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. கணக்கு அறிந்த அடிமை எசமானனுக்குப் பயன்படுவான் அல்லவா? தடைக்கான காரணத்தையும் சட்டத்தின் முகவுரை மறைக்கவில்லை. எழுத்தறிவு அடிமைகளின் உள்ளத்தில் மனக்குறையைத் தூண்டும், அது கிளர்ச்சியில் போய் முடியும் என்பதே அது கூறிய காரணம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1831இல், அதே வட கரோலினாவில் ஓர் அடிமை தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அவர் பெயர் உமர் இப்னு ஸயீத். செனகல் ஆற்றை ஒட்டிய ஃபூதா தோரோ பகுதியில் பிறந்து, 25 ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807இல் சிறைபிடிக்கப்பட்டுச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எசமானனிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டு, ஃபாயெட்வில் நகரச் சிறையில் அடைக்கப்பட்டபோது, அதன் சுவர்களில் அரபு எழுத்துகளை எழுதினார் என்பர். 1831ஆம் ஆண்டின் அந்தக் கையெழுத்துப் படியும் அரபு மொழியிலேயே அமைந்தது. தம் கதையைச் சொல்வதற்கு முன் அவர் ஸூரத்துல் முல்க்கை எழுதினார். ஆட்சியும் உடைமையும் எவனுக்குரியவை என்பதைக் கூறும் அந்த அத்தியாயத்தை, பிறருடைய உடைமையாக வைக்கப்பட்டிருந்த ஒருவர் முகப்பில் வைத்ததன் பொருள் நமக்கு விளங்காமற் போகாது. அவருக்கு எழுத்தைக் கற்பித்தவர் எவரும் அமெரிக்காவில் இல்லை. ஆதலால் சட்டம் தண்டிப்பதற்கும் எவரும் இல்லை. சுற்றியிருந்தோருக்கு அம்மொழியைப் படிக்கத் தெரியாது. அப்படி 2017இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தை வந்தடைந்தது. அதை எழுதியவரோ 1860களில் இறக்கும்வரை அடிமையாகவே இருந்தார்.

இதனை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்காவின் பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள், அரசுப் பள்ளிகளில் இனம், பாலினம் ஆகியவை பற்றி எவ்வாறு கற்பிக்கலாகாது என்பதை வரையறுக்கும் சட்டங்களையும் விதிகளையும் கொண்டுவந்துள்ளன. அவற்றை 1830ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகாது. முந்தியது கசையை ஏந்தி நின்றது. பிந்தியவை சமத்துவத்தின் பெயரால் பேசுகின்றன. எனினும், கற்பவரின் உள்ளத்தில் எழும் அமைதியின்மையைச் சட்டத்தின் கவலைக்குரிய பொருளாக்குவதில் இரண்டுக்கும் ஓர் உறவு இருக்கிறது. அவ்வுறவு எத்தகையது என்பதை அச்சட்டங்களின் சொற்களைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டங்கள் பிறந்த சூழல்

2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழ், அமெரிக்க வரலாற்றை ஆப்பிரிக்க அடிமைகள் வர்ஜீனியாவில் வந்திறங்கிய 1619ஆம் ஆண்டை மையமாகக் கொண்டு நோக்கும் கட்டுரைத் தொகுதியை வெளியிட்டது. 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபின் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில், பள்ளிகளும் நிறுவனங்களும் இனப் பாகுபாடு பற்றிய பாடங்களையும் பயிற்சிகளையும் பெருக்கின. இதற்கு எதிர்வினையாக அவ்வாண்டு செப்டம்பரில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். கூட்டாட்சி அரசின் பயிற்சிகளில் இடம்பெறலாகாத 'பிளவுபடுத்தும் கருத்துகள்' என ஒரு பட்டியலை அது தந்தது. 2021 ஜனவரியில் அதிபர் பைடன் அதை நீக்கினார். ஆணை மறைந்தாலும் பட்டியல் மறையவில்லை. ஐடஹோ, ஓக்லஹோமா, டென்னஸி, டெக்சாஸ் முதலிய மாநிலங்களின் சட்டங்களுக்குள் ஏறத்தாழ அதே சொற்களோடு அது குடிபுகுந்தது. 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்ற டிரம்ப், பள்ளிக் கல்வியைக் குறித்தே தனியாக ஓர் ஆணையைப் பிறப்பித்தார்.

சொல்லும் அதன் நிழலும்

உஸூலுல் ஃபிக்ஹ் பயிற்றுவிப்போர் மாணவருக்கு முதலில் உணர்த்துவது, ஒரு சட்ட வாசகம் சொல்லளவில் உணர்த்துவதையும் அதிலிருந்து மக்கள் விளங்கிக்கொள்வதையும் பிரித்தறிய வேண்டும் என்பதே. முன்னதை மன்தூக் என்றும் பின்னதை மஃப்ஹூம் என்றும் அழைப்போம். விளக்கம் இல்லாமல் செயற்படுத்த இயலாதவாறு பொருள் மூடிக் கிடக்கும் வாசகத்தை முஜ்மல் என்போம். இவ்வளவுகோல்களைக் கொண்டு இச்சட்டங்களைப் படித்தால் பயன் விளையும்.

ஓக்லஹோமா மாநிலம் 2021 மே மாதம் இயற்றிய சட்டத்தை எடுத்துக்கொள்வோம். தன் இனத்தை அல்லது பாலினத்தை முன்னிட்டு ஒருவர் சங்கடமோ குற்றவுணர்வோ மனவேதனையோ அடைய வேண்டும் என்னும் கருத்தைப் பாடத்தின் பகுதியாக்கலாகாது என்கிறது அது. அடைய 'வேண்டும்' என்று போதிப்பதைத்தான் இவ்வாசகம் தடுக்கிறது. மாணவன் ஒருவன் பாடத்தைக் கேட்டுச் சங்கடம் அடைவதை அது தடுக்கவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் உள்ளவற்றைக் கற்பிக்கத் தடையில்லை என்றும் அது கூறுகிறது. சொல்லளவில் நோக்கின், இதில் மறுப்பதற்கு அதிகம் இல்லை.

உண்மையில், சொல்லளவில் நோக்கும் ஒரு முஸ்லிமுக்கு இது உவப்பாகவும் இருக்கும். முன்னோர் செய்த பாவத்துக்குப் பின்னோர் பொறுப்பல்லர் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஒரு வெள்ளையினச் சிறுவனை எழுப்பி நிறுத்தி, நீ பிறப்பால் குற்றவாளி என்று ஓர் ஆசிரியர் கூறுவாராயின், அது கற்பித்தலன்று; அநீதி. சில பயிற்சிப் பட்டறைகளில் இந்த எல்லை மீறப்பட்டது என்ற பெற்றோரின் மனக்குறையை முழுவதும் கற்பனை என ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

ஆனால் ஆசிரியர்களும் அதிகாரிகளும் விளங்கிக்கொண்டது வாசகத்தை அன்று, அதன் நிழலையே. சங்கடம் தரும் எதையும் தொடாதிருப்பதே பாதுகாப்பு என்பதே அவர்கள் பெற்ற பொருள். 2022 ஜூலையில் ஓக்லஹோமா மாநிலக் கல்வி வாரியம், ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்ட ஒரு பயிற்சியைக் காரணங்காட்டி, டுல்ஸா பள்ளி மாவட்டத்தின் அங்கீகாரத்தை எச்சரிக்கை நிலைக்கு இறக்கியது. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களில் கிரீன்வுட் என்னும் செழிப்பான கறுப்பினக் குடியிருப்பில் ஏறத்தாழ 35 தெருத்தொகுதிகள் எரிக்கப்பட்டது இதே டுல்ஸா நகரில்தான். மாண்டோர் 300 பேர்வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பல பத்தாண்டுகள் பள்ளிகளில் பேசப்படாதிருந்த நிகழ்ச்சி அது. அதன் நூற்றாண்டு நினைவுகூரப்பட்ட அதே மாதத்தில்தான் ஆளுநர் இச்சட்டத்தில் கையொப்பமிட்டார்.

டெக்சாஸில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. சர்ச்சைக்குரிய பொருள்களைப் பல கோணங்களிலிருந்தும் விளக்க வேண்டும் என்று அம்மாநிலத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. எது சர்ச்சைக்குரியது என்று அது வரையறுக்கவில்லை, சரியான முஜ்மல். அவ்வாண்டு அக்டோபரில் சவுத்லேக் பகுதிப் பள்ளி அதிகாரி ஒருவர், யூதப் படுகொலை பற்றிய நூல் ஒன்றை வகுப்பில் வைத்தால் எதிர்க்கோணம் காட்டும் நூலையும் வைக்க வேண்டும் என ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தினார். பின்னர் அம்மாவட்டம் மன்னிப்புக் கேட்டது. அந்த அதிகாரியைத் தீயவர் எனக் கருத வேண்டியதில்லை. விளக்கமற்ற கட்டளையின் கீழ் அஞ்சி நிற்கும் ஒரு மனிதர் இத்தகைய முடிவுக்கே வந்து சேர்வார்.

ஃபுளோரிடா 2022 ஏப்ரலில் இயற்றிய சட்டம், எட்டுக் கருத்துகளைப் பட்டியலிட்டு, அவற்றை ஏற்றுப் பேசுதல், வளர்த்தல், முன்னெடுத்தல், உள்ளத்தில் பதித்தல், நம்பக் கட்டாயப்படுத்தல் என ஐந்து வினைகளால் தடுத்தது. அப்பொருள்களைச் சார்பின்றி, உடன்பாடு காட்டாமல் விவாதிக்கலாம் எனவும் சேர்த்தது. கட்டாயப்படுத்தல் இன்னதென எவருக்கும் தெரியும். ஆனால் விளக்குதல் எங்கே முடிகிறது, முன்னெடுத்தல் எங்கே தொடங்குகிறது? ஒரு நூலாசிரியரின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துரைக்காத ஆசிரியர் நல்லாசிரியர் ஆகார். நம் மத்ரஸாக்களிலும் மாற்று மத்ஹபின் ஆதாரங்களை அவர்கள் கூறியவாறே எடுத்துரைத்த பின்னரே மறுப்புக் கூறும் வழக்கம் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் அவ்வாறு எடுத்துரைப்பதே ஐயத்துக்குரியதாகிவிடும். பல்கலைக்கழகங்களுக்குரிய பகுதியை 2022 நவம்பரில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி மார்க் வாக்கர் மிகக் கடுமையான சொற்களால் கண்டித்து இடைக்காலத் தடை விதித்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் இத்தகைய சட்டம், தெளிவின்மையின் காரணமாகவே அரசியலமைப்புக்கு முரணானது என 2024 மே மாதம் ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நியாயமாகப் பேசுவதாயின் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் கறுப்பின வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் 1994 முதல் உண்டு. புதிய சட்டம் அதை நீக்கவில்லை. ஆனால் 2023 ஜனவரியில் ஆப்பிரிக்க அமெரிக்கவியல் என்னும் உயர்நிலைப் பாடத்தை அம்மாநிலக் கல்வித் துறை ஏற்க மறுத்தது. அவ்வாண்டு ஜூலையில் வெளியான புதிய பாட நெறிகள், அடிமைகள் கற்றுக்கொண்ட தொழில்திறன்கள் சில நேரங்களில் அவர்களுக்கே பயன்பட்டன என்று மாணவருக்கு உணர்த்தச் சொல்லின. உமர் இப்னு ஸயீத் 25 ஆண்டுகள் கற்ற கல்வியைச் சுமந்துகொண்டு அடிமைத்தளைக்குள் வந்தவர். அடிமைமுறை அவருக்குக் கற்றுத்தந்த திறன் எது என்று அந்நெறிகளை வகுத்தோரிடம் கேட்கத் தோன்றுகிறது.

குற்றவுணர்வும் படிப்பினையும்

இச்சட்டங்களின் அடிப்படைக் குறைபாடு, குற்றவுணர்வையும் படிப்பினையையும் வேறுபடுத்தாததே. அழிந்துபோன சமூகங்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் கூறுகிறது. அவர்களின் பாவத்தை வாசகர்மேல் சுமத்துவதற்காக அன்று. இப்ரத், அதாவது படிப்பினை பெறுவதற்காகவே. படிப்பினை பெறுகிறவன் சிறிதளவேனும் கலங்காமல் இருக்க முடியாது. கலக்கம் இல்லாத இடத்தில் படிப்பினை வெறும் தகவலாகிவிடும். கலங்கும் மாணவனுக்கு, 'நீ இதைச் செய்யவில்லை. ஆனால் இது மீளாதிருக்க நீ செய்யக்கூடியது உண்டு' என்று கூறி வழிகாட்டுவதே ஆசிரியரின் பணி. கலக்கத்தையே தவிர்க்கச் சொல்லும் சட்டம் அப்பணியை அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஆசிரியர்கள் சமூக, அரசியல் பொருள்கள் பற்றிய வகுப்புரையாடலைத் தாமே குறைத்துக்கொண்டதாகக் கூறினர். தடைச்சட்டம் இல்லாத இடங்களிலும் அந்த அச்சம் பரவியிருப்பதை அவ்வாய்வு காட்டியது.

பாலினம் பற்றிய சட்டமும் நம் நிலைப்பாடும்

இதுவரை கூறியதை நம்மவர் பலர் எளிதில் ஏற்பர். சோதனை இனிமேல்தான் வருகிறது. இனம் பற்றிய சட்டத்தை இயற்றிய அதே ஃபுளோரிடா சட்டமன்றம், 2022 மார்ச்சில் கையொப்பமான வேறொரு சட்டத்தால், மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பாலியல் நாட்டம், பாலின அடையாளம் பற்றிய போதனையைத் தடுத்தது. 2023இல் கல்வி வாரியம் அத்தடையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டியது. முன்னதைக் கேட்டு வருந்தும் முஸ்லிம்கள் பலர் பின்னதைக் கேட்டு மகிழ்கின்றனர். குடும்பம், திருமணம், ஒழுக்கம் ஆகியவை பற்றிய நம் கொள்கை தெளிவானது. அதில் நெகிழ்வு காட்ட எவரையும் அழைக்கவில்லை. இங்கு எழும் வினா வேறு: எந்தக் கருவியால் அக்கொள்கையைப் பேணிக்கொள்வது?

மேரிலாந்து மாநில மாண்ட்கொமரி கவுன்டியில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்குத் தொடக்கப் பள்ளிகளில் ஓரினப் பால்நாட்டத்தையும் பாலின அடையாளத்தையும் பொருளாகக் கொண்ட கதைநூல்கள் சேர்க்கப்பட்டன. பிள்ளைகளை அப்பாட நேரத்திலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு முதலில் அளிக்கப்பட்ட உரிமை, 2023 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவரும் ஒன்றிணைந்து வழக்குத் தொடுத்தனர். மஹ்மூத் எதிர் டெய்லர் என்னும் அவ்வழக்கில், 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் பெற்றோருக்குச் சார்பாக ஆணையிட்டது. அந்நூல்களை நீதிமன்றம் தடை செய்யவில்லை. அவற்றைக் கற்பிக்கலாகாது என்றும் கூறவில்லை. தம் நம்பிக்கையை முன்னிட்டுத் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையை மட்டுமே அது காத்தது.

என் பிள்ளையை என் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்பது ஒன்று. எவர் பிள்ளையும் இதைக் கேட்கலாகாது என அரசைக் கொண்டு ஆணையிடச் செய்வது மற்றொன்று. முன்னது சிறுபான்மையின் கேடயம். பின்னது பெரும்பான்மையின் வாள். ஃபுளோரிடாச் சட்டமும் தெளிவற்ற சொற்களால் விளைந்த குழப்பத்தைத் தாங்காமல், 2024 மார்ச்சில் ஏற்பட்ட வழக்கு உடன்பாட்டில், வகுப்பில் இத்தகையோரைக் குறிப்பிடுவதோ அவர்கள் இடம்பெறும் இலக்கியத்தைப் படிப்பதோ அவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காப்பதோ தடுக்கப்படவில்லை என விளக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகள் ஆசிரியர்களை அஞ்சவைத்த பின்னர் வந்த விளக்கம் இது.

வாள் எவர் கையிலும் நிலைப்பதில்லை. இதே ஓக்லஹோமாவில் 2010 நவம்பரில், நீதிமன்றங்கள் ஷரீஅத்தைக் கருத்திற்கொள்வதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 70 வாக்காளர்கள் ஆதரவளித்தனர். ஒரு முஸ்லிம் குடிமகன் வழக்குத் தொடுத்து, 2013இல் அது செல்லாது எனத் தீர்ப்புப் பெற்றார். அன்று அவரைக் காத்தது, பெரும்பான்மையின் விருப்பம் மட்டுமே சட்டமாகிவிடாது என்ற கோட்பாடு. அக்கோட்பாட்டை நமக்கு வேண்டும்போது பற்றிக்கொண்டு வேண்டாதபோது கைவிட இயலாது.

வரலாறு தரும் சான்றுகள் இரண்டு

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர்மீது எழுந்த வெறுப்பில், 1919இல் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிப்பதைத் தடை செய்தது. லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிப்புக் கற்பித்த ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு போன்ற பண்டை மொழிகளுக்குத் தடையில்லை என்று அம்மாநில நீதிமன்றம் விளக்கியது. பேசுவோர் உயிரோடு இருக்கும் மொழிதான் அச்சத்துக்குரியதாயிற்று போலும். 1923இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை வீழ்த்தியது. அரபு மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டோர் இவ்வழக்கை மறத்தலாகாது.

மற்றொன்று அரிசோனா. 2010இல் அம்மாநிலம், ஓர் இனத்தின்மீது வெறுப்பை வளர்க்கும் பாடங்களையும், குறிப்பிட்ட இனத்தாருக்கெனவே அமைந்த பாடங்களையும் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. வாசகம் பொதுவானது, குறி ஒன்றே. டூசான் நகரப் பள்ளிகளில் நடைபெற்ற மெக்சிக அமெரிக்கவியல் பாடம் 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பொதுச்சொல்லால் தனியொன்றைக் குறிப்பது அரபு மரபுக்குப் புதிதன்று. ஆனால் சட்டத்தில் அது வஞ்சகமாகிவிடுகிறது. 2017 ஆகஸ்டில் நீதிபதி வாலஸ் தஷீமா, அச்சட்டம் இனப்பகைமையை உள்நோக்கமாகக் கொண்டு இயற்றப்பட்டு, அதே நோக்கத்தோடு செயற்படுத்தப்பட்டது எனத் தீர்ப்பளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அரசு அடைத்துவைத்த முகாம்களுள் ஒன்றில், அதே அரிசோனாவில், சிறுவனாக இருந்தவர் அவர். அந்த வரலாறு எழுதப்பட்டும் கற்பிக்கப்பட்டும் வந்ததால்தான் அந்நாடு 1988இல் அதற்கென மன்னிப்புக் கோரும் நிலைக்கு வந்தது.

நிறைவாக

ஜார்ஜியா மாநிலத்தின் ஸபெலோ தீவில் அடிமையாக வாழ்ந்த பிலாலி என்பவர், பதின்மூன்று பக்க அரபுக் கையேடு ஒன்றை விட்டுச் சென்றார். மாலிக்கி மத்ஹபின் ரிஸாலா என்னும் சட்ட நூலைத் தழுவி, உளூ, தொழுகை முதலியவற்றை நினைவிலிருந்து எழுதிவைத்த குறிப்புகள் அதில் உள்ளன. அதே ஜார்ஜியாவும் 2022இல் 'பிளவுபடுத்தும் கருத்துகளை'த் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அடிமைமுறையைக் கற்பிக்கலாகாது என்று அச்சட்டம் கூறவில்லை. பிலாலியின் கையேட்டை ஓர் ஆசிரியர் மாணவருக்குக் காட்டலாம். ஆனால் ஒரு மாணவி எழுந்து, இவ்வளவு கற்ற மனிதரை ஏன் விற்றார்கள், விற்றவர்கள் தம்மை எவ்வாறு நியாயப்படுத்திக்கொண்டார்கள், அந்த நியாயம் இன்று முற்றும் மறைந்துவிட்டதா என்று வினவினால், அவ்வாசிரியர் விடை சொல்வதற்கு முன் சட்டப் புத்தகத்தை நினைத்துப் பார்ப்பார். அந்த ஒரு கணத் தயக்கமே இச்சட்டங்களின் உண்மையான விளைவு.

அம்மாணவி பிலாலியின் வழித்தோன்றலாக இருக்கலாம். அண்மையில் அந்நாட்டில் குடியேறிய நம்மவர் ஒருவரின் மகளாகவும் இருக்கலாம். இனம் பற்றிய தடையை எதிர்த்தும் பாலினம் பற்றிய தடையை வாழ்த்தியும் பேசுவோர், இரண்டையும் ஒரே கை எழுதியது என்பதையும், அக்கை அடுத்து எழுதப்போவதில் நம் பெயர் இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளும் உரிமையை உறுதியாகக் கேட்போம். அவ்வுரிமையைக் கேட்கும் அதே வாயால், பிறர் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய அறிவின் கதவை அடைக்கச் சொல்லாதிருப்போம்.